மண்ணின் கணக்கர்: ஜே. சி. குமரப்பா

பொதிய மலையிற் பிறந்த பொருநையாறு பாறைகளினின்று குதித்துச் சமவெளியில் அடிவைக்கும் இடம் பாபநாசம். அகத்தியர் அருவியும், பாபநாசநாதர் திருக்கோயிலும், அதன் முன்னுள்ள படித்துறையும் ஒருமுறை கண்டாருக்கு மறவா. பாவத்தை ஒழிப்பது என்பதே ஊர்ப் பெயரின் பொருள். ஆடி அமாவாசை முதலிய நாட்களில் முன்னோர்க்குக் கடன் கழிப்போரும், பரிகாரம் வேண்டி வருவோரும் ஈண்டு நீராடி, உடுத்த ஆடையை ஆற்றிலேயே விட்டுச் செல்வர். ஆடையோடு பாவமும் போம் என்பது அவர்தம் நம்பிக்கை. பிறர் நம்பிக்கையை இகழ்வது எம் கருத்தன்று. ஆயினும் பாவம் போயிற்றோ இல்லையோ, துணி போகவில்லை. பாறை இடுக்கிலும் மரவேரிலும் சிக்கி அது நீருட் கிடக்கின்றது. தொண்டர் பலர் பன்முறை அதனை மூட்டை மூட்டையாக வாரிக் கரையேற்றியுள்ளனர். அடுத்த அமாவாசைக்கு ஆறு மீண்டும் அந்நிலையே எய்துகின்றது.

பள்ளிச் சிறாரை அப்படித்துறைக்கு அழைத்துச் சென்று, ஆற்றைக் காப்போம் என்று உறுதிமொழி கூறுவித்தல் எளிது. 1991-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழற் கல்வியைக் கட்டாயப் பாடமாக்குமாறு பணித்தது. அதன் பின்னர்ப் பாடநூல்கள் வந்தன, தேர்வுகளும் வந்தன. நம் மாகாணத்தில் 2019-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் தடுக்கப்பட்டன. 2021-ஆம் ஆண்டு இறுதியில் மஞ்சப்பைக்குப் புத்துயிர் அளிக்கும் இயக்கம் எழுந்தது. இவையெல்லாம் நன்றே. ஆனால் கையிலுள்ள பொருள் எங்கிருந்து வந்தது, எவர் உழைப்பால் வந்தது, கைவிட்ட பின் எங்கே போகும் என்று பிள்ளைகள் வினவக் கற்றனரா என்பதே எம் ஐயம். அவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுதும் வினவியவர் ஒருவர் உண்டு. அவர் தமிழர், கிறிஸ்தவர், தொழிலாற் கணக்கர். அவர் சரிதத்தை எம் மாணவர்க்குச் சுருங்க உரைக்க விழைகின்றோம்.

ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் என்பது அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர். அவர் 1892-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 4-ஆம் நாள் தஞ்சாவூரிற் பிறந்தார். தந்தையார் சாலமோன் துரைசாமி கொர்னேலியஸ் பொதுப்பணித் துறையில் அலுவல் பார்த்தவர். தாயார் எஸ்தர் இராஜநாயகம் அம்மையார். சென்னை டவ்டன் கல்லூரியிற் பயின்ற பின்னர் இளைஞர் செல்லதுரை இலண்டன் சென்று கணக்காய்வுக் கலையிற் தேர்ச்சி பெற்றார். தாயகம் மீண்டு பம்பாயிற் கணக்காய்வுத் தொழிலை நடத்தினார். நல்ல வருவாய், மேல்நாட்டு உடை, மேல்நாட்டுப் பழக்கம் ஆகியவற்றோடு அந்நாட்களில் அவர் வாழ்க்கை நிகழ்ந்தது. இந்நிலையில் நின்றிருந்தால் அவரைப் பற்றி எழுதுவதற்கு யாதும் இராது.

1927-ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்றார். சைரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வாணிக நிருவாகத்திற் பட்டம் பெற்றுக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பொருளியல் கற்கப் புகுந்தார். இந்தியா ஏன் வறுமையுற்றது என்பது பற்றி ஒரு தேவாலயத்தில் அவர் ஆற்றிய உரை செய்தித்தாளில் வெளிவந்தது. அதனைக் கண்ட பேராசிரியர் செலிக்மன் அப்பொருளையே ஆராயுமாறு அவரைத் தூண்டினார். அரசாங்கம் எவரிடம் வரி தண்டுகின்றது, எதற்குச் செலவிடுகின்றது என்று ஏடுகளைப் புரட்டிய கணக்கருக்குத் தம் நாட்டின் வறுமை விதியால் வந்ததன்று என்பது விளங்கிற்று. கணக்கைச் சரிபார்க்கக் கற்றவன் ஒரு நாட்டின் கணக்கையும் சரிபார்த்து விட்டான்! இளமை முதற் பழகிய ஆங்கில விசுவாசம் அவ்வேடுகளுக்கிடையே கரைந்து போயிற்று.

1929-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள் அவர் தம் ஆராய்ச்சிக் கட்டுரையோடு சபர்மதி ஆசிரமம் சென்றார். சாணம் மெழுகிய தரையில் ஒரு மரத்தடியில் முதியவர் ஒருவர் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தார். மேல்நாட்டு உடையோடு வந்தவர் கோலூன்றி நின்று அதனை வேடிக்கை பார்த்தார். சிறிது நேரங் கழித்தே அம்முதியவர் காந்தியடிகள் என்பதை உணர்ந்தார். உணர்ந்ததும் உடையின் மடிப்புக் கலையுமே என்று நோக்காது தரையில் அமர்ந்தார். அவ்வாண்டிலேயே குலப்பெயராகிய குமரப்பா என்பதை மேற்கொண்டார். தம்பி பரதன் குமரப்பாவும் பின்னர் அவ்வழியே வந்து சேர்ந்தார்.

குஜராத் வித்தியாபீடத்தில் ஆசிரியப் பணி அவருக்குக் கிடைத்தது. கேடா ஜில்லாவில் மாதர் என்னும் தாலுகாவின் பொருள் நிலையை ஆராயுமாறு அடிகள் பணித்தார். பேராசிரியர் நூலகத்திற் புகவில்லை. மாணவரைத் திரட்டிக்கொண்டு கிராமங்களிற் புகுந்தார். வீடு வீடாகச் சென்று நிலம் எவ்வளவு, மாடு எத்தனை, கடன் எவ்வளவு, உண்பது யாது, மிஞ்சுவது யாது என்று கேட்டு எழுதினர். 1929-ஆம் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் அவ்வேலை நிகழ்ந்தது. கல்லூரி மாணவர் ஊரைப் படிப்பதற்கு அது நம் நாட்டில் ஒரு முன்மாதிரி. எம் கல்லூரியில் நாட்டுநலப்பணி முகாம் செல்வோர், வெள்ளையடிப்பதும் மரக்கன்று நடுவதும் முடிந்தபின், ஓர் ஏடும் எழுதுகோலும் ஏந்தி அவ்வழியே நடந்து பார்க்கலாம்.

உப்புச் சத்தியாக்கிரகம் வந்தது. அடிகள் சிறைப்பட்ட பின்னர் யங் இந்தியா இதழை நடத்தும் பொறுப்பில் குமரப்பா பங்கேற்றுத் தாமும் 1931-லும் 1932-லும் சிறை புகுந்தார். அக்காலத்தே அவருக்கும் திருச்சபைத் தலைவருக்கும் நிகழ்ந்த வாதத்தை மிஷன் கல்லூரி மலராகிய இதிற் கூறாது விடுதல் முறையன்று. சட்ட மறுப்பு கிறிஸ்துவின் போதனைக்கு மாறானது என்று பெருநகரப் பேராயர் வெஸ்ட்காட் கருதினார். நிராயுதபாணிகள் தடியடிபடுகையிற் சபை வாளாவிருத்தலே கிறிஸ்துவுக்கு மாறானது என்று குமரப்பா எழுதினார். அவர் திருச்சபையைத் துறந்தாரல்லர்; சபையின் ஐசுவரியத்தையும் அதிகாரப் பற்றையும் கண்டித்தார். அக்காலத்து மிஷன் கலாசாலைகள் பலவற்றில் அவர் பெயர் விருப்போடு சொல்லப்பட்டதில்லை. இன்று அவற்றிற் சில அவர் பெயராற் சொற்பொழிவு நடத்தவுங்கூடும். காலம் இவ்வாறு கணக்கை நேர் செய்கின்றது.

1934-ஆம் ஆண்டு ஜனவரியிற் பீகாரைப் பூகம்பம் சிதைத்தது. இராஜேந்திர பிரசாத் தலைமையில் திரண்ட நிவாரண நிதிக்குக் குமரப்பா கணக்குப் பொறுப்பேற்றார். துன்புற்றோர்க்கு வந்த பணத்திலிருந்து அடிகளின் பரிவாரச் செலவுக்கும் கொடுக்க இயலாது என்று மறுத்தார் எனின் அவர் கண்டிப்பு விளங்கும். அடிகள் சினந்தாரில்லை. அவ்வாண்டு டிசம்பரில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் வார்தாவிற் தோன்றியபோது அதன் காரியதரிசியாக இக்கண்டிப்பாளரையே அமர்த்தினார்.

வார்தாவில் மகன்வாடி என்னும் தோட்டமே அவர் பட்டறையும் பள்ளியுமாயிற்று. அங்கே செக்காட்டினர், நெல்லைக் கையாற் குற்றினர், தேனீ வளர்த்தனர், சவுக்காரம் செய்தனர், பனஞ்சாற்றிலிருந்து வெல்லம் காய்ச்சினர். திருநெல்வேலித் தேரிக்காட்டில் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகச் செய்த கருப்புக்கட்டித் தொழிலை அங்கே படித்தோர் பெருந்தொழிலாக மதித்துப் பயின்றனர். எம் நாட்டிலோ பனையேறியின் மகன் படித்தவுடன் பனையை மறப்பதே முன்னேற்றம் எனக் கொண்டோம்.

மகன்வாடியிற் செய்தவற்றுள் ஒன்றை மட்டும் விரித்துரைப்போம்; அது மகன் தீபம் என்னும் விளக்கு. மண்ணெண்ணெய்க்கு மாறாகத் தாவர எண்ணெயில் எரியுமாறு அமைக்கப்பட்டது. வேடிக்கைப் பொருளாக இதனை எண்ணுவோர் உளர். குமரப்பாவின் கணக்கு வேறு. மண்ணெண்ணெய்க்குக் கொடுத்த காசு ஊரை விட்டுப் போகும், மீளாது. எரிந்த எண்ணெயும் பூமிக்கு மீளாது. எள்ளையோ நிலக்கடலையையோ ஊர்ச் செக்கில் ஆட்டினால், எண்ணெய் விளக்குக்கும் அடுக்களைக்கும் ஆகும். பிண்ணாக்கு மாட்டுக்கு ஆகும். மாட்டுச் சாணம் வயலுக்கு ஆகும். வயல் மீண்டும் எள்ளைத் தரும். செக்காடுவோனும் ஊரிலேயே பிழைப்பான். ஒரு விளக்கைக் கையிற் கொண்டு ஆசிரியர் ஒருவர் இவ்வளவையும் ஒரு வகுப்பில் விளக்கலாம். கழிவு என்று தனியே ஒரு பொருள் அவ்வட்டத்தில் எங்குமில்லை என்பதையும் மாணவன் தானே கண்டுகொள்வான்.

காகிதத் தொழிலும் அத்தகையதே. கந்தலும் கழித்த காகிதமும் புல்லும் அங்கே மூலப்பொருளாயின. பருத்திக் கந்தலைச் சிறு துண்டாக நறுக்கி, சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, இடித்துக் கூழாக்கித் தொட்டியிற் கலக்குவர். சல்லடைச் சட்டத்தால் அக்கூழை அள்ளினால் நீர் வடிந்து மெல்லிய ஏடு படியும். அதனை அழுத்திப் பிழிந்து, உலர்த்தி, பசையூட்டித் தேய்த்து மெருகிடுவர். சங்கத்தின் வெளியீடுகள் பல இவ்வாறு செய்த கைக்காகிதத்தில் அச்சாயின. ஒருவர் களைந்த வேட்டியே மற்றொருவர் படிக்கும் புத்தகமாயிற்று!

இவ்விடத்தே பாபநாசப் படித்துறை எம் நினைவுக்கு வருகின்றது. அக்காலத்தில் ஆற்றில் விட்ட ஆடை பருத்தி நூலாலாயது, நாளடைவில் மட்கும். கரையேற்றினாற் காகிதத்துக்கும் ஆகும். இக்காலத்து ஆடையிற் பெரும்பகுதி பாலியெஸ்டர் கலந்தது. அது மண்ணெண்ணெய்க்கு உடன்பிறந்த பொருள். மட்காது, மென்மையான காகிதக் கூழாகவும் ஆகாது. குமரப்பாவின் மாணவர் அத்துறைக்கு வந்தால் முதலில் யாது செய்வர்? துணியை வாரி, நிறுத்து, பருத்தி எவ்வளவு, கலப்பு எவ்வளவு என்று பிரிப்பர். ஓர் இழையைக் கொளுத்தி, சாம்பலாகின்றதா உருகி உருண்டையாகின்றதா என்று நோக்குவர். இது எட்டாம் வகுப்புச் சிறுவனும் ஆசிரியர் உடனிருக்கச் செய்யத்தக்க சோதனை. பின்னர்த் துணி எங்கே விற்கப்படுகின்றது, படித்துறையிற் தனியே தொட்டி வைத்தால் அதில் இடுவார் எத்துணைப் பேர், இடாதார் ஏன் இடவில்லை என்று கேட்டு எழுதுவர். இவ்வளவும் ஆன பின்னரே அவர் உறுதிமொழி கூறத் தக்கவர்.

1937-ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவிற் கல்வி மாநாடு கூடியது. கைத்தொழில் வாயிலாகவே எல்லாப் பாடங்களையும் கற்பிக்கும் ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுக்க டாக்டர் ஜாகீர் உசேன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. குமரப்பா அதில் ஓர் அங்கத்தினர். அதனை ஒருங்குகூட்டிய காரியதரிசி ஈ. டபிள்யூ. ஆரியநாயகம், யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவத் தமிழர். அவரும் அவர் மனைவியார் ஆஷாதேவி அம்மையாரும் சேவாகிராமத்தில் அக்கல்வியை நடத்தினர். சென்னை வேப்பேரி பெண்டிங்க் பள்ளியிற் பணியாற்றிய மார்ஜரி சைக்ஸ் அம்மையாரும் பிற்காலத்தில் அங்கே சென்று சேர்ந்தார். பருத்தி விதைத்து, பறித்து, நூற்று, நெய்யும் பிள்ளை, விதையோடு தாவர நூலையும், நூற்ற இழையோடு கணிதத்தையும், விற்ற துணியோடு பூகோளத்தையும் கற்கும். கழிப்பிடத்தைத் தூய்மை செய்து கழிவை எருவாக்குதலும் ஆங்கே பாடமே. நோய் பரவும் வகையையும் மண் வளம் பெறும் வகையையும் அதிலிருந்தே கற்பித்தனர்.

இத்திட்டத்தின்மேல் எழுந்த தடைகளை மறைத்தல் சரிதம் எழுதுவோர்க்கு அழகன்று. பிள்ளைகள் செய்த பொருளை விற்றே ஆசிரியர் சம்பளம் கொடுத்துவிடலாம் என்று அடிகள் எதிர்பார்த்தார். அங்ஙனமாயின் பள்ளி பட்டறையாகிவிடும், ஆசிரியர் மேஸ்திரியாகிவிடுவார் என்னும் அச்சம் மாநாட்டிலேயே எழுந்தது. வருவாய் நோக்கிற் கல்வி நோக்கம் அழிந்துவிடலாகாது என்று குழுவினர் தம் அறிக்கையிலும் எச்சரித்தனர். மற்றொரு தடை இதனினும் கடியது. கைத்தொழிற் கல்வி என்ற பெயரால் உழவன் மகனை உழவிலும் தோட்டியின் மகனைத் துடைப்பத்திலும் நிறுத்திவிடுவரோ என்பது அது. 1953-ஆம் ஆண்டில் இராஜாஜி கொணர்ந்த அரைநாட் பள்ளித் திட்டம் குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு, அடுத்த ஆண்டிற் காமராஜர் ஆட்சியிற் கைவிடப்பட்டது. அத்திட்டம் வேறு, வார்தாத் திட்டம் வேறு. ஆயினும் அவ்வச்சம் காரணமற்றதன்று. இன்றும் எங்கேனும் ஒரு பள்ளியில் துடைப்பம் குறிப்பிட்ட சில பிள்ளைகளின் கைக்கே போகுமாயின், அங்கே சுற்றுச்சூழலைப் பற்றி எத்துணைப் பாடம் நடத்தினும் வீண். சேவாகிராமத்திற் துடைப்பமும் மண்வெட்டியும் முறை வைத்து எல்லார் கைக்கும் வந்தன. பிராமணப் பிள்ளைக்கும் வந்தன. கழிவை இழிவினின்றும் பிரித்தாலன்றி அதனைச் செல்வமாகக் காண எவராலும் இயலாது. அக்கல்வியின் சாரம் அது என்றே யாம் கொள்கின்றோம். விடுதலைக்குப் பின்னர்ப் பள்ளிகள் தக்கிளியை மட்டும் வாரத்துக்கு ஒரு மணி நேரம் சுழற்றிச் சாரத்தை விட்டுவிட்டன.

1942-ஆம் ஆண்டுப் போராட்டத்தில் மீண்டும் சிறை. ஜபல்பூர்ச் சிறையிலிருந்து அவர் இரு நூல்கள் எழுதிக் கொணர்ந்தார். ஒன்று இயேசுவின் போதனையையும் ஒழுக்கத்தையும் பற்றியது. மற்றொன்று நிலைபேறுடைய பொருளாதாரத்தைப் பற்றியது. இரண்டும் 1945-ஆம் ஆண்டில் வெளிவந்தன. அவற்றை நோக்கிய அடிகள், தெய்வ நூற் பண்டிதர் என்றும் கிராமக் கைத்தொழிற் பண்டிதர் என்றும் இரு பட்டங்களுக்கு அவர் உரியர் என நகையும் அன்பும் கலந்து எழுதினார். கொலம்பியாவில் ஆராய்ந்தவர் இவ்விரு பட்டங்களையே பெரிதெனக் கருதியிருத்தல் வேண்டும்.

பொருளாதார நூலில் இயற்கையின் செல்வத்தை அவர் இருவகையாகக் கண்டார். நிலக்கரி, எண்ணெய், உலோகம் முதலியன தேங்கிய இருப்பு; எடுக்க எடுக்கக் குறையும். ஆற்று நீரும், காட்டில் வளரும் மரமும் ஓடும் வரவு; அளவறிந்து கொண்டால் என்றும் வரும். முதலைத் தின்னாதே, வரவிற் பிழை என்பது எக்கணக்கரும் தம் கட்சிக்காரர்க்குக் கூறுவது. குமரப்பா அதனை மனித குலத்துக்குக் கூறினார். இருப்பைச் சார்ந்த நாடுகள் அது குறையுந்தோறும் பிறர் இருப்பின்மேற் கண் வைக்கும் என்றும், போரின் வித்து அதுவே என்றும் காட்டினார். ஓடும் வரவுக்கு உதாரணம் தேடிப் பொருநைக் கரையார் அயலே போக வேண்டுவதில்லை. பாபநாசத்தில் ஹார்வி சகோதரர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பஞ்சாலை நாட்டியதும் அருவி நீரின் வலியை நம்பியே. பெரும் ஆலைகளைக் குமரப்பா விரும்பினாரல்லர். கையால் நூற்போனையும் நெய்வோனையும் அவை வேலையற்றோராக்குமென்பது அவர் வாதம்.

உயிர்களின் வாழ்க்கை முறையையும் அவர் ஐந்து படியாக வகுத்தார். ஆட்டைக் கொன்று தின்னும் புலி ஒரு படி. நட்டு வளர்க்காத தோட்டத்தில் கனி பறிக்கும் குரங்கு அடுத்த படி. தன் முயற்சியாற் கூடு கட்டும் பறவை அதற்கு மேல். கூட்டத்தின் பொருட்டுத் தேன் சேர்க்கும் தேனீ அதனினும் மேல். கைம்மாறு கருதாது குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப் பறவை எல்லாவற்றுக்கும் மேல். பாபநாசத்துக்கு மேலுள்ள களக்காடு–முண்டந்துறைக் காடு 1988-ஆம் ஆண்டு முதற் புலிகள் காப்பகம். புலியின்றேல் மான் பெருகிக் காடு அழியும், காடு அழிந்தால் ஆறு வற்றும் என்று அறிந்த இக்காலத்தார் புலியைக் கடைப்படியில் வைக்க ஒருப்படார். குமரப்பா விலங்கு நூல் எழுதவில்லை. மனிதரிற் புலிகளைக் குறித்தே எழுதினார் என்று கொண்டாற் பிணக்கில்லை. சிறுவர்க்கு இவ்வகுப்பு உடனே விளங்கும் என்பதையும் கண்டிருக்கின்றோம். எறிந்துவிட்ட மிட்டாய்த் தாளைக் காட்டி, இது எந்தப் படி என்று வினவினால் குரங்கு என்று கூவுவர்.

ஐயாயிரம் பேர் உண்டு திருப்தியடைந்த பின்னர், மீந்த துணிக்கைகளைக் கூடையிற் சேர்க்குமாறு ஆண்டவர் சீஷர்க்குக் கட்டளையிட்ட வரலாற்றை எம் ஆராதனையிற் பலகாற் கேட்டிருக்கின்றோம். அற்புதத்தை வியப்போம்; கூடைகளை மறப்போம். மகன்வாடியில் அக்கூடைகளே முதன்மை பெற்றன.

விடுதலைக்குப் பின்னர்க் காங்கிரஸ் நியமித்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைவரானார். 1949-ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தார். ஆயினும் அணைகளும் உருக்காலைகளும் எழுந்த அக்காலத்தில் அவர் சொல் பெரிதும் எடுபடவில்லை. டிராக்டர் உழும், ஆனாற் சாணம் இடாது என்று அவர் கூறியது சிரிப்புக்கிடமாயிற்று. இரசாயன உரத்தையும் அவர் ஐயுற்றார். மண்ணின் உயிரைக் கணக்கிற் சேர்க்காத விளைச்சற் கணக்கு பொய்க் கணக்கு என்பது அவர் துணிபு. பசித்த நாட்டுக்கு உரமும் ஆலையும் சோறிட்டன என்பதை மறுத்தல் இயலாது. மண் களைத்ததும் ஆறு கெட்டதும் அவ்வேட்டின் மறுபக்கத்தில் எழுதப்பட்டுள்ளன.

மணம் புரியாதவராகிய அவர் இரத்த அழுத்த நோயால் நலிந்து, 1950-க்குப் பின்னர்த் தமிழகம் மீண்டு, மதுரை ஜில்லா தே. கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தங்கினார். ஆடம்பரமற்ற ஒரு சிறு வீடு. தாமே அமைத்துக்கொண்ட, வேட்டியும் பைஜாமாவும் கலந்த கதருடை. சுவரில் ஓர் ஏழைக் குடியானவனின் படம். காண வந்தோர் அதனைச் சுட்டி வினவினால், காந்தியடிகள் தம் ஆசான் என்றும், படத்திலிருப்பவர் அவ்வாசானுக்கு ஆசான் என்றும் விடை கூறுவார். அடிகள் மறைந்த அதே ஜனவரி 30-ஆம் நாளில், 1960-ஆம் ஆண்டு, சென்னையில் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு.